கோர்ட்டிலிருந்து கோட்டைக்கு: வக்கீலய்யா பதில்கள்

போன இதழில் ஒரு வாசகர், ‘வக்கீல்கள் ஏன் தேர்தலில் நிற்கத் துடிக்கிறார்கள்?’ என்று கேட்டிருந்தார். ‘தினமும் யாராவது ஒருவருக்காகப் பேசிப் பழகியவனுக்கு, ஒருநாள் ஊருக்காகவும் பேசிப் பார்க்கலாமே என்று தோன்றிவிடுகிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அது போதாதாம். அதையே பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. சரி, இந்தத் தடவை முழுக்க அதுவே இருக்கட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி கோர்ட்டுகளில் கிரிமினல் பக்கம்தான் என் பிழைப்பு. ஒரு தடவை சட்டமன்றத்துக்கு நின்று தோற்றவன், டெபாசிட் மட்டும் தப்பியது. நண்பர்கள் சிலருக்குத் தலைமை முகவராகவும் இருந்திருக்கிறேன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் ஆசிரியர் விளம்பரக் கட்டணம் கேட்பார்.

எட்டு வருடமாக கிரிமினல் ப்ராக்டிஸ் செய்கிறேன். சட்டமன்றத்துக்கு நிற்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது சார்?
— இளம் வழக்கறிஞர், அரூர்

தம்பி, முதலில் வரைபடத்தைப் பார்த்துவிடுவோம். நம் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 11 தொகுதிகள். தருமபுரியில் 5, கிருஷ்ணகிரியில் 6. அதில் உங்கள் அரூரும் ஊத்தங்கரையும் தனித் தொகுதிகள். நீங்கள் பட்டியல் இனத்தவர் இல்லையென்றால் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம்தான் பார்க்க வேண்டும். அதையும் ரொம்ப நம்பிவிடாதீர்கள். மொரப்பூர், காவேரிப்பட்டணம் என்று இரண்டு தொகுதிகள் இருந்தன. அங்கே வருடக்கணக்காகக் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று ஒன்று விடாமல் போய்க்கொண்டிருந்தவர்கள், 2008 மறுவரையறையில் தொகுதியே இல்லாமல் நின்றார்கள்.

அடுத்து கட்சி. வழக்கறிஞர் அணி இல்லாத கட்சி கிடையாது. அதில் ஒரு பொறுப்பு வாங்கி விசிட்டிங் கார்டு அடிப்பது சுலபம். ஆனால் கட்சிக்காரனுக்கு வக்கீல் தேவைப்படுவது ராத்திரி பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் போனை எடுக்கிறவன்தான் கிளைச் செயலாளர்களின் நினைவில் நிற்கிறான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். குடிதண்ணீர் கேட்டு மறியல் செய்த ஊர்க்காரர்களைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். வழக்கம்போல சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பொழுது சாய்ந்ததும் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் நான்கு பேரின் பெயரை மட்டும் தனித் தாளில் எழுத ஆரம்பித்தார். பஸ் கண்ணாடி உடைந்திருந்ததாம். 1992-ம் வருடத்துப் பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டம் சேர்ந்துவிட்டால் ஜாமீன் லேசில் கிடைக்காது. ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் நிற்கிறோம். நால்வரில் ஒருவருடைய மனைவி தூக்குப் போசியில் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து ஓரமாக நிற்கிறார். சப்-இன்ஸ்பெக்டரிடம், ‘உள்ளே கூப்பிடுவதற்குள் சாப்பிட்டுவிடட்டுமே’ என்றேன். தலையாட்டினார். நான்கு பேரும் வேன் பின்கதவில் சாய்ந்தபடி ஒரே போசியில் கைவிட்டுச் சாப்பிட்டார்கள். அப்புறம் மனு போட்டு, அலைந்து, ஜாமீன் வாங்கியதெல்லாம் ஊருக்கு மறந்துபோச்சு. ‘அன்னிக்கு வக்கீலு களி திங்க வெச்சாரு’ என்பது மட்டும் இன்னும் நிற்கிறது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்த ஜாமீன் மனு நல்ல டிராஃப்ட்.

மூன்றாவது, உள்ளாட்சி. எடுத்த எடுப்பில் கோட்டை என்று நினைக்காதீர்கள். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1900 வாக்கில் சேலத்தில் தொழிலை ஆரம்பித்தார். நன்றாகச் சம்பாதித்த வக்கீல். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானார். பிறகு ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தொழிலை விட்டார், ஜெயிலுக்குப் போனார். மாகாணப் பிரதமர் ஆனது 1937-ல். நகராட்சி நாற்காலிக்கும் கோட்டை நாற்காலிக்கும் நடுவே 20 வருடம். 1952-ல் மறுபடி முதலமைச்சரானபோது மேலவை நியமன உறுப்பினராக உள்ளே வந்தார், மக்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை. அந்த மேலவையும் 1986-ல் போய்விட்டது. நமக்கு முன்வாசல் ஒன்றுதான்.

சீட் கிடைக்கும்வரை என்ன செய்வது? பூத் வேலை. ஓட்டுப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடி அலுவலர் படிவம் 17சி-யில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதி, முகவர்களுக்கு நகல் தர வேண்டும். முக்கால்வாசி பூத் ஏஜெண்டுகள் பசி மயக்கத்தில் அதை வாங்காமலே கிளம்பிவிடுவார்கள். ஒரு தொகுதியின் அத்தனை பூத் நகல்களையும் ராத்திரிக்குள் திரட்டி, எண்ணிக்கை மேஜையில் ஓட்டு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட் காட்டும் எண்ணோடு ஒப்பிடத் தெரிந்த வக்கீலை எந்த மாவட்டச் செயலாளரும் விடமாட்டார். குற்றப்பத்திரிகையில் மகஜர் (சம்பவ இடத்தில் சாட்சிகளை வைத்து போலீஸ் எழுதுவது) நேரத்தையும் எஃப்.ஐ.ஆர். நேரத்தையும் ஒப்பிடுகிற அதே வேலைதான்.

கொலைகாரனுக்கும் பெண்ணைக் கெடுத்தவனுக்கும் காசு வாங்கிக்கொண்டு வாதாடியவர்கள், எந்த முகத்தோடு எங்கள் வாசலில் வந்து ஓட்டுக் கேட்கிறார்கள்?
— இல்லத்தரசி, காரிமங்கலம்

அம்மா, இதை என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். பிரசார ஜீப் நின்றது. ஆரத்தித் தட்டோடு வந்த பெண்களுக்குப் பின்னாலிருந்து ஒரு வயசான அம்மா, ‘எம் மருமவன வெட்டினவனுக்கு நீதான ஜாமீன் வாங்கிக் குடுத்த?’ என்றார். மைக் ஆனில் இருந்தது, தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்தில் நின்ற ஒன்றியச் செயலாளர் டிரைவரைப் பார்த்து, ‘வண்டிய எட்றா’ என்றார். நான் இறங்கிப் போனேன். ‘ஆமா தாயி, நான்தான். கேஸ் நடந்து ஆயுள் தண்டனை ஆச்சே, அதுவரைக்கும் அவனுக்கு நான்தான் நின்னேன்’ என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த பூத்தில் எனக்கு விழுந்த ஓட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

கைது செய்யப்பட்ட எவனும் தனக்கு விருப்பமான வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு. தெருவில் நின்று அதைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். உங்களுக்கு நம் ஊர் வழக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், கடைசியில் தருமபுரி செஷன்ஸ் கோர்ட்டில் 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. அந்த வழக்கில் நான் யாருக்கும் ஆஜராகவில்லை, வராந்தாவில் நின்று பார்த்தவன். குற்றம் சாட்டப்பட்ட எல்லாருக்கும் வக்கீல் இருந்தார்கள். அந்தப் பெண்களின் சாட்சியம் குறுக்கு விசாரணையைத் தாண்டி வந்தது. அதனால்தான் 12 வருடம் கழித்து, 2023-ல் அதே செப்டம்பர் 29-ம் தேதி, உயர் நீதிமன்றத்திலும் தண்டனை நின்றது. எதிர்த்தரப்புக்கு வக்கீலே இல்லாமல் வாங்கிய தீர்ப்பு அப்பீலில் ஒரு வாய்தா தாங்காது.

ஆனாலும் உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பாலியல் வழக்கில் பெண்ணின் பழைய நடத்தையைக் கிளறிக் கேள்வி கேட்கக் கூடாதென்று சட்டமே தடுத்திருக்கிறது. அதைத் தெரிந்தும், கூண்டில் நிற்கிற பெண்ணை அழ வைத்துவிட்டு வெளியே வந்து மீசையைத் தடவுகிறவர்கள் உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாருக்காக ஆஜரானார் என்று பார்க்காதீர்கள், எப்படி ஆஜரானார் என்று விசாரியுங்கள். கோர்ட் வாசல் டீக்கடையில் கேட்டால் புட்டுப் புட்டு வைப்பார்கள்.

நான் அரசு வழக்கறிஞராக இருக்கிறேன். வேட்புமனு போட ராஜினாமா செய்ய வேண்டுமா?
— பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

செய்துவிடுங்கள். அரசின் கீழ் ‘ஆதாயம் தரும் பதவி’ வகித்தால் அரசியல் சாசனத்தின் 191-வது பிரிவில் தகுதி போகும். ஒரே ஒரு வழக்குக்காக நியமிக்கப்பட்ட சிறப்பு அரசு வழக்கறிஞர் அந்த வகையில் வரமாட்டார் என்று 1969-ல் காந்தா கதூரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. கிட்டத்தட்ட அதே காலத்தில், ரயில்வே வழக்கறிஞர் பட்டியலில் இருந்த ஒருவர் வருவார் என்றும் சொன்னது. இந்த நூலிழையில் நடந்து காட்டத்தான் வேண்டுமா? ஜெயித்த பிறகு எதிராளி தேர்தல் வழக்குப் போட்டால், நீங்களே ஐந்து வருடம் வழக்காடும் கட்சிக்காரராகக் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். ராஜினாமா கொடுத்தால் மட்டும் போதாது. ஏற்றுக்கொண்ட உத்தரவு வேட்புமனுப் பரிசீலனை நாளைக்கு முன் கையில் இருக்க வேண்டும்.

வக்கீல்களுக்குப் பேச்சு கைவந்த கலை. பிரசாரம் சுலபம்தானே?
— மா விவசாயி, போச்சம்பள்ளி

அதுதான் இல்லை. கோர்ட்டில் நாங்கள் பேசுவது ஒரே ஒருவருக்கு. அவர் சட்டம் படித்தவர், சம்பளம் வாங்குகிறவர், பிடிக்காவிட்டாலும் கேட்டே ஆக வேண்டியவர். மாந்தோப்பில் கூலிக்கு நிற்கிறவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. நான் ஒரு ஊரில் மாங்கூழ் ஆலைகள், கொள்முதல் விலை, முத்தரப்புக் கூட்டம் என்று வரிசையாக எடுத்து வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், ‘பெங்களூரா மாங்கா டன்னு என்ன வெலைக்கு எடுப்பீங்க, அதச் சொல்லு மொதல்ல’ என்றார். என்னிடம் பதில் இல்லை. எந்த வேட்பாளரிடமும் இருக்காது, ஆனால் மற்றவர்கள் ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இல்லாத சாட்சியத்தை இருப்பதாகச் சொல்ல எங்களுக்கு நாக்கு கூசும், தொழில் பழக்கம்.

தளி, வேப்பனப்பள்ளி பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் வேண்டும். சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் கொடுக்கிற கோர்ட், வேட்பாளருக்குக் கொடுக்காது.

பேச்சுதான் ஓட்டு என்றால் பர்கூருக்கு என்ன சொல்வீர்கள்? 1991-ல் ஜெயலலிதாவை ஜெயிக்க வைத்த தொகுதி, 1996-ல் அவர் முதலமைச்சராக இருக்கும்போதே தோற்கடித்து, தி.மு.க.வின் சுகவனத்தை அனுப்பியது. அவருக்கா பேச்சு வராது?

எவ்வளவு செலவாகும்? உண்மையைச் சொல்லுங்கள்.
— ஜவுளி வியாபாரி, பாலக்கோடு

சட்டப்படி சொல்கிறேன். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அது போச்சு. செலவு வரம்பு 2022 முதல் 40 லட்சம். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு. டீ, பிரியாணி, நாற்காலி, பந்தல் என்று எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகம் ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கும், அந்த விலையில்தான் உங்கள் கணக்கில் ஏறும். முடிவு வந்த 30 நாளைக்குள் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் மூன்று வருடம் தகுதியிழப்பு வரை போகும். தோற்றவனுக்கும் இதே சட்டம்தான். தோற்ற வாரத்தில் உட்கார்ந்து டீ பில் கூட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பது எனக்குத் தெரியும்.

உண்மைச் செலவு கேட்கிறீர்கள். பத்திரிகைக்கு நான் ஆஜராகிறேன், எனக்கு யார் ஆஜராவது?

என் அத்தை மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே வக்கீல்கள் மாநில சபைக்குச் சர்வசாதாரணமாகப் போகிறார்களாமே?
— மென்பொருள் ஊழியர், ஓசூர்

போகிறார்கள், அதற்கு வசதியாகவே சபை அமைந்திருக்கிறது. டெக்சாஸ் சபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடும், ஒற்றைப்படை வருடத்தில் 140 நாள். சம்பளம் மாதம் 600 டாலர், கூட்ட நாட்களில் படி தனி. அதை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது, அதனால் உறுப்பினர்கள் தங்கள் தொழிலை விடுவதில்லை. உறுப்பினரான வக்கீலின் வழக்குகளைக் கூட்டம் நடக்கும்போது ஒத்திவைக்க அங்கே தனிச் சட்டப்பிரிவே உண்டு. வாய்தா வாங்க நம் ஆட்கள் சொல்லும் காரணங்களை நினைத்துப் பாருங்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலக் கீழ்ச்சபையில் 400 பேர், ஆளுக்கு வருடத்துக்கு 100 டாலர்! இங்கே உறுப்பினருக்கு 2017-ல் சம்பளமும் படிகளும் மாதம் 1,05,000 ரூபாய் ஆயின.

பெரிய வித்தியாசம் வேறு. அங்கே கட்சி வேட்பாளரையே முதற்கட்டத் தேர்தலில் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நன்றாகப் பேசுகிற வக்கீல் மக்களிடம் நேராகப் போய் சீட்டை வாங்க முடியும். இங்கே விருப்ப மனு, கட்டணம், தலைமைக் கழக நேர்காணல். ‘எவ்வளவு செலவு செய்வீர்கள்?’ என்ற கேள்விக்குக் குறுக்கு விசாரணை கிடையாது.

லிங்கன் வக்கீலாக இருந்து அரசியலுக்கு வந்தவர் என்று பலரும் சொல்வார்கள். அவர் இல்லினாய்ஸ் சபைக்கு ஜெயித்தது 1834-ல், வக்கீல் உரிமம் வாங்கியது 1836-ல். சபைக்குப் போய்விட்டுத்தான் சட்டத்துக்கு வந்தார்.

குறுக்கு விசாரணையில் புலி என்று பெயரெடுத்தவர்கள் சட்டமன்றத்தில் ஏன் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பென்னாகரம்

ஐயா, கோர்ட்டில் சாட்சி கூண்டை விட்டு இறங்கிப் போக முடியாது. ஆமாம், இல்லை, தெரியாது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். அவையில் அமைச்சர், ‘அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். துணைக் கேள்வி கேட்டால், அதுவும் பரிசீலிக்கப்படும். பேசும் நேரம் பேரவைத் தலைவர் கையில். ஓட்டெடுப்பு என்றால் கொறடா சொல்கிறபடிதான். மீறினால் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் பதவி போய்விடும். 234 பேரில் 118 பேர் எந்தப் பக்கம் என்பது வாதம் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தெரியும். தீர்ப்பை எழுதி வைத்துவிட்டு ஆர்க்யுமென்ட் கேட்கிற நீதிபதி முன்னால் எந்த வக்கீல் தொண்டை கிழியக் கத்துவான்?

அதற்காக வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேமரா இல்லாத இடத்தில் இருக்கிறது. அவையில் அமைச்சர்கள் கொடுத்த வாக்குறுதிகளைத் துரத்துகிற அரசு உறுதிமொழிக் குழு, தணிக்கை அறிக்கைகளைக் கிண்டுகிற பொதுக் கணக்குக் குழு ஆகியவற்றில் அதிகாரிகள் கோப்போடு எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். என்னோடு ஜூனியராக இருந்த ஒருவர் ஒரு தவணை உறுப்பினராக இருந்தார். ஒரு பாலத்தைப் பற்றி, ‘பணி நடைபெற்று வருகிறது’ என்று பதில் வந்திருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. ‘கடைசி பில் எந்தத் தேதி?’ என்றார். என்ஜினியர் பக்கம் புரட்டினார், தேதி சொன்னார், ஒன்றரை வருடம் பழசு. ‘அதற்கப்புறம் அளவுப் புத்தகத்தில் பதிவு உண்டா?’ இல்லை. ‘காண்டிராக்டருக்கு நோட்டீஸ்?’ இல்லை. ‘அப்படியானால் நடைபெற்று வருவது எது?’ அவ்வளவுதான். பாலம் ஒரு வழியாக முடிந்தது. திறப்பு விழாக் கல்வெட்டில் அவர் பெயர் கடைசி வரியில், அதுவும் எழுத்துப்பிழையோடு.

பெரிய திட்டங்கள் ஒரு உறுப்பினரின் கேள்வியால் மட்டும் வருவதில்லை. நம் ஃப்ளோரைடு தண்ணீருக்கு மாற்றாக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் ஒரு ஆட்சி அடிக்கல் நாட்டியது, 2013-ல் இன்னொரு ஆட்சி திறந்தது. 1,928 கோடி ரூபாய், ஜப்பான் கடன். ஆனால் அந்தத் தண்ணீர் எந்தத் தெருக் குழாயில் வரவில்லை என்பதைக் கேட்க உள்ளூர் உறுப்பினர்தான் வேண்டும்.

எம்.எல்.ஏ. ஆனபின் வக்கீல் தொழில் செய்யலாமா?
— சட்டக் கல்லூரி மாணவர், தருமபுரி

செய்யலாம். உறுப்பினர் அரசின் முழுநேரச் சம்பள ஊழியர் அல்ல, தொழிலுக்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொல்லிவிட்டது. அமைச்சரானால் அங்கியை மாட்டி வைக்க வேண்டியதுதான். நடைமுறையில் எம்.எல்.ஏ.வாகவே இருந்தாலும் தொழில் படுத்துவிடும். விடியற்காலையில் வாசலில் மனுவோடு இருபது பேர் நின்றால் பத்தரை மணிக்கு எந்த கோர்ட்டில் போய் நிற்பீர்கள்?

ஆறு வருடமாக பிராக்டிஸ், இரண்டு குழந்தைகள். அரசியலுக்கு வர ஆசை. வீட்டில், ‘கோர்ட்டுக்குப் போவதே போதும்’ என்கிறார்கள். எனக்கு வழி உண்டா?
— பெண் வழக்கறிஞர், ஊத்தங்கரை

உண்டு சகோதரி. சட்டமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற 2023 திருத்தம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று இரண்டு படிகளுக்குப் பின்னால் நிற்பது. அதற்காகக் காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 2016 முதல் பாதி இடம் பெண்களுக்கு. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் இடங்களுக்குப் படித்த, பேசத் தெரிந்த பெண்ணைக் கட்சிகளே தேடுகின்றன. கிடைக்காமல், கணவர் கையெழுத்துப் போடும் தலைவிகளை நிறுத்துகின்றன. மாமியாரிடம் சட்டமன்றம் என்று சொல்லாமல் ஒன்றியம் என்று சொல்லிப் பாருங்கள். குடும்ப நல வழக்குகளும் ஜீவனாம்ச வழக்குகளும் பார்த்த அனுபவம் இருந்தால், ஊருக்குள் உங்களுக்குத் தெரிந்த வீடுகள் எந்த ஒன்றியச் செயலாளருக்கும் தெரியாது.

சட்டமன்றத்துக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும், மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். கல்யாணமாகி ஊர் மாறிய பெண்கள் பலருக்கும் பெயர் இன்னும் அம்மா வீட்டுப் பட்டியலில்தான் இருக்கிறது. அதை வைத்தே சட்டமன்றத்துக்கு நிற்கலாம், அந்தத் தொகுதிப் பட்டியலின் சான்றிட்ட நகலை மனுவோடு இணைத்தால் போதும். உள்ளாட்சிக்கு அது செல்லாது, அந்த உள்ளாட்சியின் பட்டியலிலேயே பெயர் இருக்க வேண்டும். இந்த வாரமே முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுத்து மாற்றிவிடுங்கள்.